கண்ணாடி மேல் கவிழ்ந்த ஓவியம்: ஃபிளாட்பெட் ஸ்கேனரின் கதை

தாளை வளைக்காமல், கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்துப் படமெடுக்கும் கருவிதான் ஃபிளாட்பெட் ஸ்கேனர். அதற்கு முந்தைய தலைமுறை உருளை வடிவில் இருந்தது. 1957இல் அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் அலுவலகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் மூன்று மாத மகனின் புகைப்படத்தைச் சுழலும் உருளையில் பொருத்தி, சீக் என்ற கணினிக்குள் ஏற்றினார். படத்தின் அளவு 5க்கு 5 சென்டிமீட்டர். கணினிக்குள் போனது 176க்கு 176 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. இடைப்பட்ட சாம்பல் நிறம் வேண்டுமென்றால் ஒளியின் எல்லையை மாற்றி மாற்றிப் பலமுறை எடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. பிக்சலைச் சதுரமாக வைத்ததற்காகக் கிர்ஷ் முதுமையில் வருந்தினார். அதற்குள் உலகமே அந்தச் சதுரத்துக்குப் பழகிவிட்டது.

அச்சுத் தொழிலும் உருளையைத்தான் பிடித்துக்கொண்டது. ஜெர்மனியின் ஹெல், பிரிட்டனின் கிராஸ்ஃபீல்ட் நிறுவனங்களின் டிரம் ஸ்கேனர்கள், மங்கிய ஒளியையும் பெருக்கிக் காட்டும் குழல்களால் ஃபிலிமின் அடர்ந்த நிழலிலிருந்தும் விவரத்தை எடுத்துத் தந்தன. தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அட்டையில் தீட்டிய ஓவியத்தை எப்படி உருளையில் சுற்றுவது? முதலில் அதை ஃபிலிமில் படம் பிடிப்பார்கள். பிறகு அந்த ஃபிலிம் உருளைக்குப் போகும். இடையில் ஒரு கை மாறியதால் ஓவியர் கலந்த நிறம் அச்சில் அப்படியே வரும் என்ற உறுதி இல்லை.

அந்தச் சிக்கலுக்கான விடை ஓவிய உலகிலிருந்து வரவில்லை. 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற ஒளியுணரியை உருவாக்கினர். 1976இல் ரே குர்ஸ்வைல், பார்வையற்றோருக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் கருவியை அறிமுகப்படுத்தினார். புத்தகத்தை உருளையில் சுற்ற முடியாதே! கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தால் அடியிலிருந்து சிசிடி எழுத்துகளைப் பார்க்கும். கலைக்கூடத்துக்குப் பின்னர் வந்து சேர்ந்த ஸ்கேனரின் உடலமைப்பு இதிலேயே தென்பட்டுவிட்டது.

1987இல் ஹெச்.பி.யின் ஸ்கேன்ஜெட் அலுவலக மேசைக்கு வந்தது. நிறம் அறியாத கருவி அது. தொடக்க கால வண்ண ஸ்கேனர்களில் பல, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே படத்தை மூன்று முறை கடந்தன. இடையே தாள் இம்மி நகர்ந்தாலும் கோட்டின் ஓரத்தில் நிறப் பிசிறு தெரியும். மூன்று நிறத்துக்கும் மூன்று வரிசை உணரிகளை ஒரே சில்லில் அமைத்த பிறகு ஒரே ஓட்டத்தில் வேலை முடிந்தது. ஃபோட்டோஷாப்பும் முதலில் வெளிவந்தது ஒரு ஸ்கேனரோடு ஒட்டிக்கொண்டுதான்: பார்னிஸ்கேன் என்ற ஸ்லைடு ஸ்கேனருடன் சுமார் 200 பிரதிகள் போயின, 1990இல்தான் தனியாக விற்பனைக்கு வந்தது.

அலுவலகத்தின் தேவையும் ஓவியரின் தேவையும் பிரிந்தது 1990களின் கடைசியில். சிஐஎஸ் என்ற உணரிப் பட்டை கண்ணாடியை ஒட்டியே ஓடும். படத்தைச் சுருக்கும் லென்ஸும் பிரதிபலிக்கும் கண்ணாடி அடுக்கும் வேண்டாம், யூஎஸ்பி மின்சாரமே போதும். கருவி மெலிந்தது, விலை இறங்கியது. ரசீதுக்கும் சான்றிதழுக்கும் இது தாராளம். ஆனால் கண்ணாடியிலிருந்து சில மில்லிமீட்டர் எழும்பிய எதுவும் அதற்கு மங்கல். வாட்டர்கலரில் நனைந்து நெளிந்த தாள், தடித்த எண்ணெய்ச் சாயம், தைத்த ஸ்கெட்ச் புத்தகத்தின் நடுமடிப்பு எல்லாம் அங்கே அடிபடும். கனத்த சிசிடி ஸ்கேனரை ஓவியர்கள் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

சிசிடி என்றாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. விளக்கு ஒரே பக்கத்திலிருந்து விழுவதால் சொரசொரப்பான தாளின் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும். தாளைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை எடுத்து இரண்டையும் கலந்தால் நிழல் தணியும். மெல்லிய மஞ்சள் பூச்சு வெள்ளையோடு கரைந்துபோகும். ஒளிரும் இளஞ்சிவப்பு சப்பென்று வரும்.

பெட்டியில் பெரிதாக அச்சிடும் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணோ இவற்றில் ஒன்றையும் சொல்வதில்லை. அதில் பெரும்பகுதி மென்பொருள் இட்டு நிரப்பியது. பார்க்க வேண்டியது லென்ஸும் உணரியும் உண்மையில் பிடிக்கும் ஆப்டிகல் அளவு. அதே அளவில் அச்சிட 300 போதும், இரண்டு மடங்கு பெரிதாக்க 600. ஏ4 ஓவியம் 600 டிபிஐயில் ஏறக்குறைய 3.5 கோடி பிக்சல், 24 பிட் நிறத்தில் சுமார் 100 மெகாபைட். நிறத்தைத் திருத்தப்போகிறவர் சேனலுக்கு 16 பிட் எடுப்பார். கோப்பு இரட்டிக்கும், ஆனால் வான நீலத்தில் படிப்படியாகக் கோடு விழாது.

இந்தக் கருவிகள் பழுதாகிச் சாவது குறைவு. மோட்டாரும் கண்ணாடியும் நன்றாக இருக்கும்போதே, புதிய இயங்குதளத்துக்கு டிரைவர் வராததால் மூலைக்குப் போனவை ஏராளம். அவற்றில் பலவற்றை, எட் ஹாம்ரிக் 1998இல் எழுதத் தொடங்கிய வியூஸ்கேன் மென்பொருள் இன்றும் ஓட்டுகிறது.