வீழ்படிவு சொன்னது

பள்ளி ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்குப் பேரியம் குளோரைடு நினைவிருக்கும். சல்பேட் உள்ள கரைசலில் அதைச் சில துளிகள் விட்டால் வெண்ணிறப் பொருள் ஒன்று திரண்டு அடியில் இறங்கும். அதைத் தமிழில் வீழ்படிவு என்கிறோம். வீழ்வதும் படிவதுமான இந்த எளிய நிகழ்வுதான் 1938இல் அணுவைப் பற்றிய அறிவைத் தலைகீழாக்கியது.

1934இல் ரோமில் என்ரிகோ ஃபெர்மி யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கினார். விளைந்த கதிரியக்கப் பொருள் மாங்கனீசு டையாக்சைடு வீழ்படிவுடன் சேர்ந்து இறங்கியது. அது யுரேனியத்தைவிடக் கனமான புதிய தனிமமாக இருக்கலாம் என்றார் அவர். வேறு பல தனிமங்களும் அவ்வாறு இறங்கக்கூடுமே, அணுக்கருவே பெருந்துண்டுகளாக உடைந்திருக்கலாமே என்று அதே ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் இடா நோடாக் எழுதினார். அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

பெர்லினில் இயற்பியலாளர் லிசே மைட்னரின் தூண்டுதலால் வேதியியலாளர் ஓட்டோ ஹானும், பின்னர் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் இவ்வாய்வில் இறங்கினர். யூதக் குடும்பத்தில் பிறந்த மைட்னர் 1938 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து தப்பி, சுவீடனில் அடைக்கலம் புக நேர்ந்தது. மற்ற இருவரும் ஆய்வைத் தொடர்ந்தனர். விளையும் அணுக்கள் மிகச் சொற்பம். தாமாக வீழ்படிவாக மாட்டா. ஆகவே பேரியம் உப்பைத் துணையாகச் சேர்த்து வீழ்த்தினர். கதிரியக்கமும் அதனுடன் இறங்கியது. பேரியத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ரேடியமே அது என்று கருதினர். நவம்பரில் கோபன்ஹேகனில் ஹானைச் சந்தித்த மைட்னருக்கு அம்முடிவில் நம்பிக்கையில்லை. மீண்டும் சோதிக்கும்படி வற்புறுத்தினார்.

ரேடியத்தைப் பேரியத்திலிருந்து பிரிக்க மேரி கியூரியின் வழி இருந்தது. கரைசலைப் படிப்படியாகப் படிகமாக்கினால் முதலில் தோன்றும் படிகங்களில் ரேடியம் செறியும். உண்மையான ரேடியத்தைக் கலந்து பார்த்தார்கள், அது பிரிந்தது. யுரேனியத்திலிருந்து வந்த பொருளோ பேரியத்தை விட்டு அகலவேயில்லை. காரணம், அது பேரியமேதான். 92ஆம் தனிமத்திலிருந்து 56ஆம் தனிமம்!

டிசம்பர் 19 அன்று ஹான் மைட்னருக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் தம் சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷுடன் சேர்ந்து மைட்னர் விடை கண்டார்: அணுக்கரு நீர்த்துளியைப் போல நீண்டு இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஆனால் 1939 ஜனவரி 6 அன்று பெர்லினிலிருந்து வெளியான கட்டுரையில் அவர் பெயர் ஆசிரியராக இல்லை. 1944ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசும் ஹானுக்கு மட்டுமே வழங்கப்பட்டது.

ஓலையில் உள்ளதைத் தன் எதிர்பார்ப்புக்கேற்பத் திருத்திப் படிக்கும் பதிப்பாசிரியரை நாம் அறிவோம். நான்கு ஆண்டுகள் அறிவியலிலும் அதுவே நடந்தது. வீழ்படிவு ஒருபோதும் பொய் சொல்லவில்லை. படித்தவர்கள்தாம் பிழையாகப் படித்தார்கள். மறுபடி படியுங்கள் என்று வற்புறுத்தியவரோ பரிசுப் பட்டியலுக்கு வெளியே நின்றார்.