ஓலைப் பெட்டியிலிருந்து லாச்சிக்கு: தோட்டவெளி வீடுகளின் சில்லறைப் பொருள்கள்

மன்னார்த் தீவில் தலைமன்னார் வீதியை அண்டிய தோட்டவெளி போன்ற ஊர்களில், எந்த வகையிலும் அடங்காத சில்லறைப் பொருள்களை ஓரிடத்தில் போட்டுவைக்கும் வழக்கம் மேசையும் அலுமாரியும் வருவதற்கு முந்தியது. ஓலையால் வேய்ந்த வீடுகளில், கூரையின் தாழ்ந்த விளிம்பாகிய இறப்பே அதற்கான முதல் இடமாக இருந்தது. வலை பொத்தும் ஊசியும் கத்தியும் வந்த கடிதங்களும் அங்கே செருகப்பட்டன. செருக முடியாத சிறியவை பனையோலைப் பெட்டிகளுக்குள் போயின. அவற்றுள் கொட்டைப்பெட்டி என்பது வெற்றிலையும் சில்லறைக் காசும் வைத்து மடியில் செருகிக்கொள்ளத்தக்க மிகச் சிறிய பின்னல் பெட்டியாகும். பனை மலிந்த தீவில் பெட்டி கிழிந்தால் வேறொன்று பின்னிக்கொள்ளலாம் என்பதால், கொள்கலன் மாறிக்கொண்டிருந்தது, உள்ளே கிடந்தவை மாறவில்லை.

இழுப்பறையை ஈழத் தமிழர் லாச்சி என்பர். அச்சொல் 1658இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி 1795 வரை வைத்திருந்த ஒல்லாந்தர் வழியாக வந்தது. சொல் ஊருக்குள் வந்த வேகத்தில் பொருள் வரவில்லை. லாச்சி வைத்த தளபாடங்கள் நெடுங்காலம் அதிகாரிகள், வசதி படைத்தோர் வீடுகளோடு நின்றுவிட்டன. உழைப்பாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் லாச்சியைக் கொண்டுவந்தது தளபாடம் அன்று, தையல் இயந்திரமே எனக் கருத இடமுண்டு. 1877இல் இலங்கைக்கு வந்த சிங்கர் நிறுவனத்தின் மிதி இயந்திரங்கள், இரு பக்கமும் சிறு லாச்சிகள் பொருத்திய மரமேசையோடு விற்கப்பட்டன. நூற்கட்டைக்கும் ஊசிக்கும் என்று அமைந்த அந்த அறைகளுக்குள், நாளடைவில் வீட்டின் மற்றச் சில்லறைகளும் குடிபுகுந்தன. அதுவும் இல்லாத வீடுகளில் வெறும் பால்மா ரின்னும் பிஸ்கற் ரின்னும் அந்த வேலையைச் செய்தன.

உள்ளே கிடந்தவற்றைக் கொண்டு ஊரின் தொழில் வரலாற்றையே எழுதிவிடலாம். பருத்தி நூல் வலைக்காலத்து ஊசியும், 1950களின் பிற்பகுதி முதல் பரவிய நைலோன் வலையின் துண்டும், அதன்பின் வந்த தங்கூசி எனப்படும் ஒற்றை இழை நரம்பின் சுருளும், வெளியிணைப்பு இயந்திரத்திலிருந்து கழற்றிய பிளக்கும் ஒரே ரின்னுக்குள் கிடந்தன. வலையின் அடியைத் தாழ்த்தும் ஈயம் உருக்கி மறுபடி வார்க்கத்தக்கது என்பதால், ஒரு துண்டும் வீசப்படவில்லை. ஒல்லாந்தர் காலச் செப்புச் சல்லியும், 1872இல் ரூபாயும் சதமும் நடைமுறைக்கு வந்தபின் புழங்கிய செப்புச் சதமும், 1909 முதல் வெளிவந்த சதுர வடிவ ஐந்து சதமும் செல்லாக் காசானபோது சிறுவர்களின் கைக்குப் போயின. போளையும் சோழியும் மிதிவண்டிச் சில்லின் இரும்புக் குண்டும் அவற்றோடு சேர்ந்தன. மழை நாளில் அப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்க அனுமதி பெற்ற பிள்ளைகளுக்கு, அது விளையாட்டுப் பொருட்களஞ்சியம். அம்மம்மாவுக்கோ ஒவ்வொன்றும் என்றோ உதவப்போகும் உதிரிப்பாகம்.

உதவாது என்று தெரிந்தும் வீச முடியாத பொருள்களும் இருந்தன. 1544இல் கிறிஸ்தவராக மாறியமைக்காக யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டவர்களின் நினைவைத் தாங்கும் தோட்டவெளியில், கத்தோலிக்க வழக்கு வீட்டின் மூலைவரை சென்றது. மணி உதிர்ந்த செபமாலையும், நூலறுந்த உத்தரியமும் (கழுத்தில் அணியும், மந்திரித்த இரு சிறு துணித்துண்டுகள்), மழுங்கிப்போன சுரூபப் பதக்கமும் குப்பைக்குரியவை அல்ல. மந்திரித்த பொருளை எரிக்க வேண்டும் அல்லது புதைக்க வேண்டும் என்பது திருச்சபை வழக்கு. எரிக்கவும் மனம் வராமல், புதைக்கவும் நேரம் வாய்க்காமல் அவை லாச்சிக்குள் தங்கின. லாச்சியை ஒழுங்கற்ற இல்லத்தின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

போர்க்காலம் இந்தச் சேமிப்புக்கு வேறொரு நியாயத்தைத் தந்தது. 1990களில் தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பற்றரி உள்ளிட்ட பல பொருள்கள் செல்வதை அரசு தடைசெய்தபோது, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வெற்று ஜாம் போத்தலும் பஞ்சுத் திரியும் சிறிதளவு மண்ணெண்ணெயும் விளக்காயின, மிதிவண்டியின் டைனமோ வானொலிக்கு மின்சாரம் கொடுத்தது. பெட்டியில் போட்டுவைத்த பழக்கம் இல்லாதிருந்தால், இவற்றுக்கான துண்டுதுணுக்குகள் கைக்கு எட்டியிரா.

ஆனால் அதே போர் பெட்டிகளையும் கலைத்தது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும், மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் சென்றோர், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றையே முதலில் எடுத்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம்களுக்கு, மிகச் சிறிதளவு உடைமையே எடுத்துச்செல்ல விடப்பட்டது. தாளுக்கு இடம் கிடைத்தது, ஈயக்குண்டுக்கும் செல்லாக் காசுக்கும் கிடைக்கவில்லை.

இந்த இழப்பைச் சிறிதென்று தள்ள முடியாது. தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள மாந்தைத் துறைமுகத்தின் பழமையை, 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் குழுவினரும் பின்வந்த ஆய்வாளர்களும் நடத்திய அகழ்வுகள் எடுத்துக்காட்டியது, மணிகளும் ஓட்டுத்துண்டுகளும் கருகிய மிளகும் கிராம்பும் போன்ற, எவரும் பொருட்படுத்தாத துணுக்குகளைக் கொண்டே. தோட்டவெளியில் இன்னும் ஒரு மூலையில் பழைய ரின்னோ தையல் மேசையின் லாச்சியோ வைத்திருப்போர், வீட்டைப் புதுப்பிக்கும்போது அதை வெறுமையாக்குவதற்கு முன், உள்ளிருப்பவற்றின் பெயரையும் அவை பயன்பட்ட வேலையையும் மூத்தோரிடம் கேட்டு எழுதி, ஊர்ப் பாடசாலையிலேனும் ஒப்படைக்க வேண்டும்.