சாட் ஹில்: ரசிகர்கள் தோண்டியெடுத்த கல்லறைத் தோட்டம்

வட ஸ்பெயினின் புர்கோஸ் மாகாணத்தில், சாண்டோ டொமிங்கோ தெ சீலோஸ் என்னும் மடாலய ஊருக்கும் கொன்ட்ரெராஸ் என்னும் சிற்றூருக்கும் இடையே உள்ள மிராண்டியா பள்ளத்தாக்கில், ஆயிரக்கணக்கான கல்லறை மேடுகள் மரச்சிலுவைகளோடு வட்டத்துக்குள் வட்டமாக அமைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் அடியிலும் உடல் புதைக்கப்படவில்லை. 1966-இல் ஒரு திரைப்படத்துக்காக எழுப்பப்பட்டு, படப்பிடிப்பு முடிந்ததும் கைவிடப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு புல்லுக்கடியில் கிடந்து, 2015 முதல் அப்படத்தின் ரசிகர்களால் மண்வெட்டி கொண்டு மீட்கப்பட்ட இந்த இடத்தின் பெயர் சாட் ஹில். அப்படத்தின் நாயகன் கிளிண்ட் ஈஸ்ட்வுட். ஒரு நடிகர் மீதான அபிமானம் பெரும்பாலும் சுவரொட்டியாகவும் கையெழுத்துப் புத்தகமாகவும் பழம்பொருள் சேகரிப்பாகவும் வெளிப்படுவதே வழக்கமாக இருக்க, இங்கே அது உடலுழைப்பாக மாறி, நிலத்தின் மேல் தன் தடத்தைப் பதித்திருக்கிறது.

ஓர் அமெரிக்க நடிகரின் நினைவுச்சின்னம் ஸ்பானிய மலைப்பகுதியில் அமைந்ததற்கு அக்காலப் பொருளாதாரமும் அரசியலும் சேர்ந்தே காரணமாயின. ஜெனரல் பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில் இருந்த ஸ்பெயின் அந்நியச் செலாவணியை நாடியது. வெளிநாட்டுப் படக்குழுக்களுக்கோ மலிவான கூலியும் ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கும் வெயிலும் அமெரிக்க மேற்குப் பகுதியை ஒத்த வறண்ட நிலமும் அங்கே கிடைத்தன. 1961-இல் வெளிவந்த ‘எல் சிட்’ போன்ற பிரமாண்டமான சரித்திரப் படங்கள் ஸ்பெயினில் எடுக்கப்பட்டபோதே, படைவீரர்களைத் துணைநடிகர்களாக அனுப்பிவைக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருந்தது. இந்தச் சூழலில்தான் இத்தாலியத் தயாரிப்பாளர்கள், அமெரிக்க மாடுமேய்ப்பர்களையும் துப்பாக்கி வீரர்களையும் பற்றிய ‘வெஸ்டர்ன்’ படங்களை ஐரோப்பாவிலேயே குறைந்த செலவில் எடுக்கத் தொடங்கினர். அமெரிக்க விமர்சகர்கள் இவற்றை இத்தாலிய உணவின் பெயரால் ‘ஸ்பகெட்டி வெஸ்டர்ன்’ என்று இளக்காரமாக அழைத்தனர். பின்னர் அதுவே இவ்வகைப் படங்களின் மதிப்புக்குரிய பெயராக நிலைத்துவிட்டது.

1930-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ஈஸ்ட்வுட், 1959 முதல் ‘ராஹைட்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்தாரே தவிர, திரையுலகில் பெரும்புள்ளி அல்லர். 1964-இல் இயக்குநர் செர்ஜியோ லியோனியின் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்துக்காக அவர் பெற்ற ஊதியம் 15,000 டாலர். கதைமாந்தனின் பின்கதையை விளக்கும் வசனங்களை வெட்டுமாறு இயக்குநரிடம் வற்புறுத்தியவர் அவரே. பேச்சு குறையக் குறைய அந்த மனிதனின் மர்மம் கூடும் என்ற அவருடைய கணக்கு பலித்தது. போஞ்சோ என்னும் மேற்போர்வை, கண்ணை மறைக்கும் தொப்பி, வாயோரத்தில் கடித்துப் பிடித்த சுருட்டு ஆகிய மூன்றும் சேர்ந்து, புகைப்பழக்கமே இல்லாத அந்த நடிகருக்கு ஒரு நிரந்தர உருவத்தைத் தந்தன. அப்படத்தையும் 1965-இல் வந்த ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’ படத்தையும் அடுத்து, முத்தொடரின் மூன்றாவதாக ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ 1966-இல் வெளிவந்தது. அமெரிக்க விநியோகஸ்தர்கள் மூன்று படங்களின் நாயகனையும் ஒருவனாகவே கருதி, ‘பெயரில்லாத மனிதன்’ என்று விளம்பரப்படுத்தினர்.

இந்த மூன்றாவது படத்தின் கதை, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, ஒரு கல்லறைக்குள் புதைத்துவைக்கப்பட்ட 2,00,000 டாலர் தங்கத்தைத் தேடி மூன்று பேர் அலைவதைச் சொல்வது. அந்தக் கல்லறைத் தோட்டமே சாட் ஹில். பண்டைய ரோமானியர்களின் வட்டரங்கு போன்றதொரு மயானத்தை லியோனி விரும்பினார். அப்படியொன்று எங்கும் இல்லாததால், கலை இயக்குநர் கார்லோ சிமியின் வடிவமைப்பில் புதிதாகவே அதை உருவாக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 250 ஸ்பானியப் படைவீரர்கள் மண்ணைக் குவித்து, சிலுவைகளை நட்டு, 5,000-க்கும் மேற்பட்ட போலிக் கல்லறைகளைச் சில நாள்களுக்குள் அமைத்துமுடித்தனர். நடுவே கல் பாவிய ஒரு வட்டக்களமும், அதைச் சுற்றி அலையலையாக விரியும் கல்லறை வரிசைகளும் இருந்தன.

அந்தக் களத்தில் எடுக்கப்பட்ட இரண்டு காட்சிகள் உலகத் திரைப்பட வரலாற்றில் தனியிடம் பெற்றவை. முதலாவதில், ஈலை வாலாக் நடித்த டூக்கோ, தான் தேடும் பெயர் பொறித்த கல்லறையைக் காணப் பேராசை வெறியோடு வரிசை வரிசையாக ஓடுகிறான். எனியோ மோரிக்கோனியின் இசை ஏற ஏறக் கேமராவும் சுழற்சியின் வேகத்தைக் கூட்டுகிறது. ஓட்டத்தின் தொடக்கத்தில் குறுக்கே பாயும் நாயை, வாலாக்குக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலேயே லியோனி அவிழ்த்துவிட்டதால், திரையில் தெரியும் திடுக்கிடல் நடிப்பன்று. இரண்டாவதில், ஈஸ்ட்வுட், வாலாக், லீ வான் கிளீஃப் மூவரும் வட்டக்களத்தில் முக்கோணமாக நின்று, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி நிமிடக்கணக்கில் பேச்சின்றிக் காத்திருக்கின்றனர். காட்சி தொலைவிலிருந்து நெருங்கி நெருங்கி வந்து, கடைசியில் கண்களும் விரல்களும் மட்டுமே திரையை நிறைக்கின்றன. நாயகனின் வலிமை அவன் சுடுவதில் அல்லாமல் காத்திருப்பதில் இருக்கிறது என்பதை ஈஸ்ட்வுட்டின் அசையாத முகம் நிறுவிவிடுகிறது. பிற்கால ரசிகர்கள் வட்டக்களத்தின் கற்களைத் தேடித் தோண்டியதற்கு இந்தச் சில நிமிடங்களே போதுமான காரணம் எனலாம்.

அருகிலுள்ள அர்லான்சா ஆற்றின் குறுக்கே இதே படத்துக்காகப் படையினர் கட்டிய பாலம், சைகையைத் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு ராணுவ அதிகாரியால் கேமராக்கள் ஓடாத வேளையில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதும், படையினரே அதைத் திரும்பக் கட்டிக்கொடுத்து மீண்டும் தகர்த்ததும் படப்பிடிப்பு வரலாற்றில் புகழ்பெற்ற செய்திகள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. 1936 முதல் 1939 வரை நடந்த ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது பிராங்கோ தரப்பின் தலைமையிடமாக இருந்தது புர்கோஸ். அம்மாகாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட எத்தனையோ பேர், சிலுவையோ பெயரோ இன்றிக் கூட்டுக்குழிகளில் தள்ளப்பட்டிருந்தனர். அதே பிராங்கோவின் படைவீரர்கள், வேறொரு நாட்டின் உள்நாட்டுப் போரில் இறந்ததாகக் கற்பனை செய்யப்பட்டவர்களுக்கு ஆயிரக்கணக்கில் சிலுவை நட்டனர். லா பெத்ராஹா என்னுமிடத்தில் ஒரு கூட்டுக்குழி தோண்டப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிக்கொணரப்பட்டது 2010-இல்தான். படத்தை எடுத்தவர்கள் இதை எவ்வளவு நினைத்துப்பார்த்தார்களோ தெரியாது; ஆனால் சாட் ஹில்லின் வரலாற்றை எழுதும் எவரும் இந்த முரணை ஒதுக்கிவைப்பது நேர்மையாகாது.

படக்குழு புறப்பட்டுச் சென்றபின் அந்தப் பள்ளத்தாக்கைக் கேட்பாரில்லை. தென் ஸ்பெயினின் அல்மெரியாவில் லியோனி படங்களுக்காகக் கட்டப்பட்ட மர ஊர்கள் கட்டணம் வாங்கும் சுற்றுலாத் தலங்களாக மாறிவிட, சாட் ஹில்லில் சிலுவைகள் மறைந்தன, கற்களை மண் மூடியது, மண்ணின் மேல் புல் முளைத்தது, புல்லில் மாடுகள் மேய்ந்தன. அந்தப் புறக்கணிப்பே இடத்தைக் காப்பாற்றவும் செய்தது. ஏர் பூட்டப்படாத மேய்ச்சல் நிலமாக இருந்ததால் மேடுகள் முற்றிலும் கரைந்துவிடாமல், உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு வட்டங்கள் புலப்படும் அளவுக்குத் தங்கிநின்றன.

இந்த இடைவெளியில் ஈஸ்ட்வுட்டின் வாழ்க்கை வெகுதூரம் நகர்ந்திருந்தது. 1971-இல் ‘ப்ளே மிஸ்டி ஃபார் மீ’ படத்தின் மூலம் இயக்குநரான அவர், 1986 முதல் 1988 வரை கலிஃபோர்னியாவின் கார்மெல் நகர மேயராகப் பணியாற்றி, 1992-இல் வெளிவந்த ‘அன்ஃபர்கிவன்’ படத்துக்காகச் சிறந்த படம், சிறந்த இயக்குநர் ஆகிய ஆஸ்கர் விருதுகளையும், 2004-இல் வெளிவந்த ‘மில்லியன் டாலர் பேபி’ படத்துக்காக அதே இரு விருதுகளையும் மீண்டும் வென்றார். துப்பாக்கி வீரர்களின் புகழுக்குப் பின்னுள்ள குற்றவுணர்வையும் முதுமையையும் பேசிய ‘அன்ஃபர்கிவன்’ படத்தை, 1989-இல் மறைந்த லியோனிக்கும் தமது மற்றோர் ஆசானாகிய டான் சீகலுக்கும் அவர் காணிக்கையாக்கினார். இளமையில் தாம் ஏற்ற வேடத்தையே முதுமையில் கேள்விக்கு உட்படுத்திய கலைஞர் என்பதால், அவருடைய ரசிகர்கள் அவரோடு சேர்ந்தே வயது ஏறினர் என்று கருத இடமுண்டு. ஒரே சாயலில் நின்றுவிட்ட நட்சத்திரங்களுக்கு இத்தகைய பற்று வாய்ப்பது அரிது.

2014 வாக்கில் அவ்வட்டாரத்து ஆர்வலர்கள் சிலர் கூடி ‘சாட் ஹில் பண்பாட்டுச் சங்கம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். படம் வெளியாகி 50 ஆண்டு நிறைவதற்குள் மயானத்தை மீட்டுவிடுவது அவர்களுடைய இலக்கு. 2015 இலையுதிர்காலத்தில் தொடங்கிய வேலைக்கு முதலில் உள்ளூரார் வந்தனர்; செய்தி பரவியதும் ஸ்பெயினின் பிற பகுதிகளிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் ரசிகர்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு வார இறுதிகளில் வந்துசேர்ந்தனர். வட்டக்களம் இருந்த இடத்தில் புல்லின் வேரை வெட்டிப் பெயர்த்து, இறுகிப்போன மண்ணைச் சுரண்டி எடுத்தபோது, 1966-இல் பாவப்பட்ட கற்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. தங்கத்துக்காகத் தோண்டியவர்களின் கதையை நேசித்தவர்கள், அதே மண்ணில் எந்த ஆதாயமும் கருதாமல் தோண்டினார்கள். செலவுக்காகச் சங்கம் கண்ட வழியும் கருதத்தக்கது: 15 யூரோ செலுத்தியவரின் பெயர் ஒரு சிலுவையில் எழுதப்பட்டு, ஒரு கல்லறை அவர் பெயரில் மீட்கப்பட்டது. உயிரோடு இருக்கும் மனிதர்கள் தம் கல்லறைக்குத் தாமே பணம் கட்டி மகிழ்ந்தது வெளியாருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் சிறுவயதில் தம்மை ஆட்கொண்ட படத்துக்குள் ஒரு சாண் இடமாவது வேண்டும் என்ற ஏக்கத்தைப் புரிந்துகொண்டால் அதில் விந்தை ஏதுமில்லை.

2016 ஜூலையில் பொன்விழா நடந்தபோது, மீட்கப்பட்ட மயானத்திலேயே திரை கட்டிப் படம் காட்டப்பட்டது. அப்போது 86 வயதை எட்டியிருந்த ஈஸ்ட்வுட் நேரில் வரவில்லை; அவர் பேசி அனுப்பிய காணொளிச் செய்தி படத்துக்கு முன் திரையில் தோன்றியபோது, மாதக்கணக்கில் மண் சுமந்தவர்களில் பலர் கண் கலங்கினர். இந்த மீட்புப் பணியை இயக்குநர் கில்லெர்மோ தெ ஒலிவேரா 2017-இல் ஆவணப்படமாக்கினார். ஈஸ்ட்வுட், மோரிக்கோனி ஆகியோரோடு மெட்டாலிக்கா இசைக்குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் அதில் பேசுகிறார். டூக்கோ ஓடும் காட்சியின் இசையை ஒலிக்கவிட்டே தம் நிகழ்ச்சிகளைத் தொடங்கும் வழக்கத்தை அக்குழு 1983 முதல் பின்பற்றிவருகிறது.

இந்த அபிமானத்தின் ஒரு கிளை தமிழ்நாட்டுக்கும் நீண்டிருக்கிறது. ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான கர்ணன் 1970-களின் தொடக்கத்தில் ஜெய்சங்கரை நாயகனாக்கி எடுத்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ முதலிய படங்கள், குதிரையும் தொப்பியும் துப்பாக்கியும் கொண்ட கௌபாய் படங்களைத் தமிழ் மண்ணில் ஊன்றின. 2023-இல் வெளிவந்த கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ படத்தில், நாயகன் சிறுவயதில் ஈஸ்ட்வுட்டைச் சந்தித்ததாகவே ஒரு கற்பனை பின்னப்பட்டிருக்கிறது. 

சாட் ஹில்லுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மண்பாதையில் சென்று எவரும் பார்க்கலாம். மழையிலும் பனியிலும் சாயும் சிலுவைகளை நிமிர்த்துவதும், மேடுகளை மூட வரும் புல்லைக் களைவதும் ஆண்டுதோறும் செய்யப்பட வேண்டிய வேலைகள். படப்பிடிப்புக்காகச் சில நாள்களில் எழுப்பப்பட்ட அந்தத் தோட்டத்தைப் பராமரிக்கும் பொறுப்பை ரசிகர்களின் சங்கம் தன் தோளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது.