துண்டும் தொழிலும்

இங்கிலாந்திலே 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1910இல் அரசாங்கமே வேலை தேடித்தரும் நிலையங்களைத் திறந்தது. வேலையற்றோர் கட்டணமின்றிப் பெயர் பதிந்தனர். அக்காலத்தில் நம் யட்டியாந்தோட்டைப் பகுதித் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் சேர்த்தவர் கங்காணியே. அவர் தந்த முன்பணம் தொழிலாளியின் கடனாயிற்று. வேறு தோட்டம் செல்ல விரும்பியவன் ‘துண்டு’ என்னும் சீட்டைக் கொண்டு செல்லல் வேண்டும். அதிற் குறித்த கடனைப் புதிய தோட்டத்தார் செலுத்தினாலன்றி அவனுக்கு விடுதலையில்லை. இதுவும் ஒருவகை வேலைமாற்றமே. மாறியதோ கடனும், அதனோடு கட்டுண்ட ஆளும்! சர்வதேசத் தொழில் தாபனம் 1919இல் இலவச அரசாங்க நிலையங்களை வேண்டிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே துண்டை ஒழித்தது. ஆயினும், தொழிலாளர் வருகையை இந்திய அரசாங்கம் 1939இல் தடைசெய்யும் வரையில், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் பணி பெரிதும் கங்காணியிடமே இருந்தது.