கட்சிரோலி ஆய்வும் தீராக் கடனும்

எட்டாத் தொலைவில் வாழும் எளியோரிடையே சுகாதார ஆய்வு நடத்துவோர் யாருக்குக் கடன்பட்டவர்கள்? இவ்வினாவை ஆராய மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்ட வரலாறு நமக்குத் துணைபுரியும்.

1982இல் சந்திரப்பூரிலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டம் அடர்ந்த காடுகளைக் கொண்டது. கோண்டு முதலிய பழங்குடியினரின் தாயகம். 1980களிலிருந்து நக்சலைட்டுகளுக்கும் காவற்படையினருக்குமிடையே மூண்ட மோதலில் சிற்றூர் மக்கள் சிக்குண்டனர். ஆயுதம் ஏந்திய இரு சாராருக்கும் அஞ்சி வாழ்வோரிடம் அயலார் ஒருவர் வினாத்தாளுடன் சென்றால், அவர்கள் அளிக்கும் சம்மதம் மனமுவந்ததா, அச்சத்தின் விளைவா என்று அறிதல் எளிதன்று.

1986 முதல் அங்குத் தொண்டாற்றிய மருத்துவர்களான அபய் பங், ராணி பங் தம்பதியர் முதலில் மக்களின் விருப்பத்திற்குச் செவிசாய்த்தனர். அவர்கள் நிறுவிய மருத்துவமனை பழங்குடியினரின் குடிசைகளைப் போல் அமைந்தது. அம்மக்கள் வணங்கும் தந்தேஸ்வரியின் பெயரைத் தாங்கியது. ஆய்வுக்கு முன்னரே அங்கு உறவு தோன்றிவிட்டது.

பிறந்த சிசுக்களின் மரணத்தைக் குறைக்க அவர்கள் 39 கிராமங்களைத் தெரிந்துகொண்டனர். அக்கிராமப் பெண்களே பயிற்சி பெற்று வீடுதோறும் சென்றனர். தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் சிசுப் பராமரிப்பைக் கற்பித்தனர். நோயுற்ற சிசுக்களுக்கு மருந்தும் அளித்தனர். ஒப்பீட்டுக்கென வேறு 47 கிராமங்கள் கணக்கிடப்பட்டன. 1993–95இல் முதற்பகுதிக் கிராமங்களில் ஆயிரம் பிறப்புகளுக்கு 62ஆக இருந்த சிசு மரணம் 1997–98இல் 25.5ஆகக் குறைந்தது. ஒப்பீட்டுக் கிராமங்களிலோ அது அறுபதை ஒட்டியே நின்றது. 1999இல் 'லான்செட்' இதழ் இம்முடிவுகளை வெளியிட்டது.

இங்கேதான் நம் மனச்சாட்சி இடறுகிறது. அந்த 47 கிராமங்களின் தாய்மார் செய்த குற்றம் யாது? எழுத்தறிவு குறைந்த பெண்களின் கையில் இம்மருத்துவம் பயனளிக்குமா, தீங்கு விளைக்குமா என்பது தொடக்கத்தில் எவருக்கும் தெரியாது. ஆதலின் ஒப்பீடு தேவையாயிற்று என்பது தக்க மறுமொழியே. ஆயினும் அது ஐயம் நீங்கும்வரையே செல்லும். ஆய்வுக்குட்படும் மனிதரின் நலனை அறிவியலின் நலனுக்கு மேலாக வைத்தது 1975இல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி அறிக்கை. அவ்வளவுகோலின்படி, பயன் தெளிவான நாளிலேயே புதியதொரு கடமை பிறக்கிறது.

அக்கடமை மெதுவாகவே நிறைவேறியது. வீட்டிலேயே சிசுவைப் பராமரிக்கும் இம்முறையை இந்திய அரசு நாடளாவிய திட்டமாக வகுத்தது 2011இல். இடைப்பட்ட ஆண்டுகள் பன்னிரண்டு. சம்மதம் பெறுதல் ஆய்வறத்தின் தொடக்கமே. எளியோரிடமிருந்து பெற்ற அறிவு அவர்கள் வாசலுக்குத் திரும்பும்வரை அக்கடன் தீராது என்பதே கட்சிரோலி நமக்குக் கற்பிக்கும் பாடம்.