ஆடு குறுக்கே வந்த ஓடுபாதை

1943. இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரும் பக்கிங்காம்ஷயரும் தொட்டுக்கொள்ளும் எல்லையில், வயல்களின் நடுவே மூன்று ஓடுபாதைகள் முக்கோணமாக முளைத்தன. அவற்றைச் சுற்றி விமானங்கள் ஊர்ந்து போக ஒரு சாலை. வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டப்போகும் இளைஞர்களுக்கு அங்கே பயிற்சி. போர் முடிந்தது, 1946-ல் விமானப்படை மூட்டை கட்டியது. அத்தனை கான்கிரீட்டையும் வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது?

அதே சமயம், வேறொரு கூட்டம் இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. 1907-ல் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ் கார்ப் பந்தயப் பாதையைப் போர்க்காலத்தில் வெட்டிச் சிதைத்து, விமானத் தொழிற்சாலைக்கு வழி விட்டிருந்தார்கள். அங்கே தயாரானது எந்த விமானம்? சாட்சாத் வெலிங்டன்தான்! பொதுச்சாலையில் பந்தயம் விடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கார்கள் தயார், களம்தான் இல்லை.

1947 செப்டம்பரில் உள்ளூர்க்காரர் ஒருவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் அந்தத் தளத்துக்குள் காரை விட்டார். பன்னிரண்டு பேர் பந்தயம். அவருடைய காருக்குக் குறுக்கே வந்தது ஒரு செம்மறி ஆடு. ஆடும் போயிற்று, காரும் போயிற்று. 'மட்டன் கிராண்ட் பிரி' என்ற பெயர் மட்டும் நிலைத்தது. அடுத்த ஆண்டு அங்கே நுழைந்தவர்கள் முறைப்படியே வந்தார்கள்.

குத்தகைக்கு எடுத்தது ராயல் ஆட்டோமொபைல் கிளப். பாதை அமைக்கும் பொறுப்பு, ஜேம்ஸ் பிரவுன் என்ற விவசாயிக்கு. அவகாசம் இரண்டு மாதம்கூட இல்லை. வைக்கோல் கட்டும் கயிறும் வைத்தே சமாளித்தார். ஓடுபாதைகளையும் பந்தயத்தில் சேர்த்ததில்தான் விபரீதம். எதிரெதிர்த் திசையிலிருந்து கார்கள் தளத்தின் நடுவை நோக்கிப் பாய்ந்து வந்து, சட்டென்று திரும்ப வேண்டும். நேருக்கு நேர் பார்த்து ஓட்டுநர்கள் மிரண்டுவிடாமலிருக்க நடுவில் கித்தான் திரை கட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆபத்து இல்லை என்ற கணக்கு! 1948 அக்டோபர் 2 அன்று அந்தக் கணக்குக்குச் சோதனை.

சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். பயிற்சி ஓட்டத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்ததால் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்ட இத்தாலியர் லூயிஜி வில்லொரேசி, மசராட்டியில் முந்திக்கொண்டு வந்து ஜெயித்தார். திரையின் ஆயுள் அதோடு சரி. மறு ஆண்டு பந்தயம் சுற்றுச்சாலைக்கு மாறியது. அதற்கடுத்த ஆண்டு, மன்னரே வந்தார்.

1950 மே 13. ஆறாம் ஜார்ஜ் பார்த்திருக்க, ஆல்ஃபா ரோமியோவில் ஃபரினா வென்றார். ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் அது, இடம், சில்வர்ஸ்டோன். இன்று அங்கே வெலிங்டன் என்றொரு நேர்பாதை இருக்கிறது. அது போய் முடியும் வளைவுக்குப் பெயர் புரூக்லண்ட்ஸ்.

சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தின் போர்க்கால ஓடுதளமும் இதே வழியில்தான் போனது. இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை அமையும்வரை, சென்னைக்காரர்களுக்குக் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான்.