குண்டின் அடிவிளிம்பு

ஈயக் குண்டை வீட்டிலேயே வார்த்து ரைஃபிளில் சுடுபவர்கள் அதன் அடியில் ஒரு சிறு செம்புக் கிண்ணத்தைப் பொருத்துவார்கள்; அதற்குப் பெயர் ‘கேஸ் செக்’. வெடிமருந்தின் சூட்டில் ஈயம் உருகாமல் காக்கவே அது வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் குண்டு குழலுக்குள் இருப்பது விநாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே. காகிதம் சுற்றிய பழைய ஈயக் குண்டுகளின் காகிதமே பெரும்பாலும் எரியாமல் துணுக்குகளாக வெளியே விழும்போது, ஈயம் உருகுவதற்கு அவகாசம் ஏது? கிண்ணத்தின் உண்மையான வேலை, அடிவிளிம்பைச் சிதையாமலும் சாயாமலும் வைத்திருப்பது. விளிம்பு எங்கே விட்டுக்கொடுக்கிறதோ அங்கே வாயு பீறிட்டு ஈயத்தை அரித்துக்கொண்டு போகும்.

1849இல் பிரான்சின் மினியே தம் குண்டின் குழிந்த அடியில் வைத்த இரும்புக் கிண்ணத்தை இதன் மூதாதை என்று சொல்வதுண்டு. நோக்கத்தைப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர். மினியே அடிப்பாகம் விரிய வேண்டும், விரிந்து குழலின் வரிகளைக் கவ்வ வேண்டும் என்று விரும்பினார். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச்சாலையில் ஜேம்ஸ் பர்ட்டன் வாயுவே அதை விரித்துவிடும் என்று காட்டிக் கிண்ணத்தையே நீக்கினார். 1855இல் அமெரிக்கப் படை அவ்வடிவத்தை ஏற்றது. நிலைமையைப் புரட்டிப்போட்டது 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய் செய்த புகையில்லா மருந்து. கரிமருந்தில் விநாடிக்கு 1,300 அடி ஓடிய குண்டு இனி 2,000 அடியை எட்டியது. அந்த வேகத்தை வெறும் ஈயம் தாங்காததால் படைகள் செம்பு அல்லது நிக்கல் கலவை உறையிட்ட குண்டுக்கு மாறின. மலிவான ஈயத்தைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு, கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் ஐடியல் நிறுவனத்தை நடத்திய ஜான் பார்லோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கிண்ணத்தைத் தந்தார். அதே காலத்தில் அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க்ளின் மான் குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டுப் பார்த்தார். மூக்கு நசுங்கிய குண்டு ஓரளவு நேராகவே போனது. அடி சாய்ந்தது வெகுவாக விலகியது. 1909இல் வெளிவந்த அவரது நூலில் எனக்கு மிக முக்கியமாகப் படும் சோதனை இதுதான்.

அதனால்தான் அளவுபடுத்தும் அச்சான ‘டை’யில் குண்டை அழுத்தித் தள்ளும் வேலையை வெறும் மெருகூட்டலாகக் கருத முடியாது. கிண்ணம் அடியில் தட்டையாக உட்கார்ந்த பிறகு, டை அதன் சுவரை ஈயத்தோடு இறுக்கி, குண்டைக் குழலின் வரிப்பள்ள விட்டத்தைவிட மயிரிழை பெரிதாக நிறுத்துகிறது. கோணலாக உட்கார்ந்த கிண்ணம், மான் சிதைத்த அடியைப் போலவே குண்டைத் திசைதிருப்பும். ஆன்டிமனி கூட்டி ஈயத்தைக் கெட்டியாக்கினால் கிண்ணமே தேவையில்லையே என்று கேட்கலாம். குறைந்த வேகத்தில் அது சரிதான். மென்மையான ஈயமேகூடப் போதும். வேகம் கூடும்போது கெட்டி ஈயத்துக்கு வேறொரு குறை உண்டு: விட்டம் சற்றுக் குறைந்தாலும் அது விரிந்து இடைவெளியை அடைக்காது, வாயு பக்கவாட்டில் நழுவிவிடும். கலவை எதுவானாலும் டையின் அளவு அந்தக் குழலுக்குப் பொருந்தியாக வேண்டும்.